தலை இல்லாத பேஸ்: விற்பதா, வாங்குவதா?

கேள்வி: அண்ணா, வணக்கம். திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், வயது 27. என்னிடம் இருப்பது ஜாஸ் பேஸ் மாடலில் நான்கு தந்தி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. திருவிழா சீசனில் கச்சேரி முடிய நள்ளிரவு தாண்டிவிடுகிறது, இடது தோள் பிடித்துக்கொள்கிறது. உள்ளூர் என்றால் பைக், வெளியூர் என்றால் பஸ் அல்லது குழுவின் வேன். அதனால் தலை இல்லாத சின்ன பேஸ் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கீபோர்டு அண்ணன் "அதில் சவுண்டே நிற்காது" என்கிறார். தெரிந்த இன்னொரு பேஸ் பிளேயர் "அதை வாங்கினால் பழையதைத் தொடவே மாட்டாய்" என்கிறார். என் விரல்கள் கொஞ்சம் குட்டை, அதற்கும் இது உதவுமா? பொங்கல் சமயத்தில் மலேசியாவில் ஒரு நிகழ்ச்சி பேச்சில் இருக்கிறது, விமானத்தில் கையோடு எடுத்துப் போகலாமா? பழையதை விற்றால்தான் புதியது வாங்க முடியும்.

பதில்:

தம்பி, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழையதை இப்போதைக்கு விற்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

உங்களுக்கு ஆலோசனை சொன்ன இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு வாத்தியத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நெக் நுனியில் டியூன் சாவிகளைத் தாங்கும் தலை (ஹெட்ஸ்டாக்) இல்லாததை ஹெட்லெஸ் என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் நாற்பது வருடத்து வாத்தியங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. இதைப் பிரபலப்படுத்திய நெட் ஸ்டைன்பெர்கர் கிட்டார் செய்கிற குடும்பத்தில் வந்தவர் இல்லை, நியூயார்க்கின் புரூக்ளினில் மரச்சாமான் வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 1980களின் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்த எல்2 பேஸில் மரமே கிடையாது. நெக்கும் (கழுத்து) உடலும் கார்பன் ஃபைபரும் எபாக்ஸி பிசினும் சேர்ந்தது, உடல் என்று ஒரு சின்னப் பெட்டி, டியூன் செய்யும் திருகுகள் எல்லாம் பின்பக்கம், தந்தி உடலில் முடிகிற பிரிட்ஜில், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இஎம்ஜி கம்பெனியின் ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும்) வகை. எந்த பிரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) விரல் வைத்தாலும் ஒரே அளவாக, தெளிவாகப் பேசும். அந்தத் தெளிவு பிடித்தவர்கள் கொண்டாடினார்கள், பிடிக்காதவர்கள் ஜில்லென்று உயிரில்லாமல் இருக்கிறது என்றார்கள். கனடாவின் ரஷ் ராக் குழுவின் கெடி லீ, ஸ்டிங் எல்லாம் அதை வாசித்தவர்கள்தான். கெடி லீ பிறகு வால் என்ற கம்பெனியின் பேஸுக்குப் போனார், அதற்கப்புறம் பழைய ஃபெண்டர் ஜாஸ் பேஸுக்கே திரும்பிவிட்டார். இதை வைத்து ஹெட்லெஸ் தோற்றுவிட்டது என்று வாதாடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர் மாற்றியது தன் குழுவுக்கு அப்போது வேண்டியிருந்த சவுண்டை, அதில் ஜெயிப்பது தோற்பது என்று ஒன்றும் இல்லை.

அந்த வடிவம் பிரபலமானதும் அதே பெட்டி உருவத்தில் மரத்தில் செய்த மலிவு மாடல்கள் வந்தன. ஸ்டைன்பெர்கரிடம் லைசென்ஸ் வாங்கி ஹோனர் செய்த பி2 அந்த வகை. 1987இல் ஸ்டைன்பெர்கர் கம்பெனியை கிப்ஸன் வாங்கிய பிறகு வந்த ஸ்பிரிட் வரிசையும் அப்படித்தான். பார்க்க எல்2 மாதிரியே இருக்கும், ஆனால் மரம், வேறு பிக்கப், வேறு ஹார்டுவேர். உங்கள் கீபோர்டு அண்ணன் கேட்டது அநேகமாக இதில் ஒன்றாக இருக்கும், அதுவும் வருடக்கணக்கில் தந்தி மாற்றாமல், கீபோர்டு ஆம்பிலேயே செருகி. அப்படி வாசித்தால் எந்த பேஸும் நிற்காது. இன்னொரு நண்பர் சொல்வது இப்போதைய வகையாக இருக்கலாம். இபானெஸ் 2020இல் ஈஎச்பி என்று ஒரு வரிசை விட்டது, அதில் உடல் நிஜமான பேஸ் உடல் மாதிரி வளைந்து இருக்கும், ஸ்ட்ராப் மாட்டுகிற மேல்கொம்பு உண்டு, தந்தியும் சாதாரணத் தந்தியே போதும். இந்த இரண்டையும் ஒரே பெயரில் பேசினால் சண்டை வராமல் என்ன செய்யும்?

சவுண்டு விஷயத்துக்கு வருவோம். நட்டுக்கு, அதாவது நெக் நுனியில் தந்தியைத் தாங்குகிற கட்டைக்கு, அந்தப் பக்கம் போகிற தந்தி நீங்கள் வாசிக்கும் சுரத்தில் பேசுவதில்லை. ஆனால் ஹெட்ஸ்டாக்குக்கு என்று ஒரு எடை உண்டு, அந்த எடை நெக்கின் நுனியில் தொங்குவதால் நெக் எந்த அதிர்வெண்ணில் தானாக ஆட விரும்புகிறதோ அது மாறும். இதன் விளைவை உங்கள் பேஸிலேயே கேட்கலாம். ஜி தந்தியில் (நான்கில் மிக மெல்லியது) 5வது பிரெட்டிலிருந்து 7வது வரை ஒவ்வொன்றாக ஒரே பலத்தில் அடித்து, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காதால் கவனியுங்கள். ஜாஸ் பேஸ் வகையில் பெரும்பாலும் இந்த இடத்தில் ஒரு சுரம் சட்டென்று செத்துவிடும். அந்த இடத்தில் நெக்கே ஆடி, தந்தியின் சக்தியை வாங்கிக்கொள்கிறது. தலையை எடுத்துவிட்டால் அந்தப் புள்ளி மேலே நகரும், சில சமயம் வாசிக்கிற இடத்தைவிட்டே போய்விடும், சில சமயம் வேறு ஒரு சுரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக, சவுண்டு நிற்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஹெட்லெஸ்ஸுக்கு சாதகம்தான் அதிகம். உங்கள் அண்ணன் சொன்னதற்கு நேர் எதிர்.

அதற்காக வாங்கியதும் சவுண்டு ஒரு படி ஏறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோயில் திடலில் தவில் செட்டு இறங்கின மேடையில், வாடகை ஸ்பீக்கரில், மிக்ஸிங்கில் இருக்கிற தம்பி பேஸ் சேனலைக் கண்டுபிடிப்பதே பெரிய விஷயம். அங்கே உங்கள் தந்தி எவ்வளவு பழசு, பிக்கப் உயரம் சரியாக இருக்கிறதா, வலது கை எங்கே விழுகிறது என்பதுதான் கேட்கும். ராஜா பாடல்களில் பேஸ் பாட்டுக்குள்ளேயே இன்னொரு பாட்டு பாடிக்கொண்டு போகும். அந்த மாதிரி லைன் வாசிக்கிறவருக்கு ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் வருவது உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது தோள். இங்கே இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று மொத்த எடை, இன்னொன்று தலை கீழே சாய்வது. வீட்டில் நின்றுகொண்டு பேஸை ஸ்ட்ராப்பில் மாட்டி, வாசிக்கிற கோணத்தில் வைத்து, இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். நெக் மெதுவாகத் தரையைப் பார்த்து இறங்கினால், கச்சேரி முழுக்க உங்கள் இடது கை வாசிப்பதோடு சேர்த்து நெக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது என்று அர்த்தம். தோள் பிடிப்பதற்கு அதுவே போதும். தலை இல்லாத பேஸ் இந்த வியாதியை ஏறக்குறைய முழுசாகத் தீர்க்கும், ஏனென்றால் நான்கு இரும்புச் சாவியும் அவற்றைத் தாங்கும் மரமும் நுனியிலிருந்து போய்விட்டன. கையை எடுத்தால் அப்படியே நிற்கும். அதை முதல் தடவை அனுபவிக்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் நெக் இறங்காமல் நின்று, அப்போதும் தோள் வலித்தால் பிரச்சினை எடை. எடைக்கு ஹெட்லெஸ் உத்தரவாதம் கிடையாது. சின்னதாக இருப்பதெல்லாம் லேசானது இல்லை, அடர்த்தியான மரத்தில் செய்தால் சின்னப் பெட்டியும் கனக்கும். கடைக்குப் போகும்போது லக்கேஜ் தூக்கிப் பார்க்கிற தராசைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சாதாரண பேஸ் மூன்றரையிலிருந்து நாலரை கிலோ வரை இருக்கும், ஏறக்குறைய மூன்றுக்குக் கீழே ஒன்று கிடைத்தால்தான் தோளுக்கு வித்தியாசம் தெரியும். அதுவரைக்கும் அகலமான, உள்ளே பஞ்சு வைத்த ஸ்ட்ராப் ஒன்று வாங்குங்கள். இரண்டு அங்குல நைலான் பட்டியில் மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் எந்த பேஸும் தோளை அறுக்கும். விரல் மரத்துப்போகிறது, இரவில் கை விறுவிறுக்கிறது என்றால் கிட்டார் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

விரல் குட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஹெட்லெஸ் என்றால் நீளம் குறைவு, அதனால் பிரெட்டும் நெருக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. குறைவது தலையும், உடலின் பின்பகுதியும்தான். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி நீளம் (இதைத்தான் ஸ்கேல் என்பது) 34 அங்குலம் என்றால் அது உங்கள் ஜாஸ் பேஸின் அதே 34 அங்குலம். நட்டிலிருந்து 4வது பிரெட் வரை இரண்டிலும் சுமார் 17.8 சென்டிமீட்டர். 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் என்றால் அதே தூரம் 15.7 சென்டிமீட்டர், அதாவது ஒரு விரல் அகலத்துக்கும் கூடுதலாகவே மிச்சம். விரலுக்கு உதவி வேண்டுமென்றால் நீங்கள் கேட்க வேண்டியது ஸ்கேல் என்ன என்பதுதான், தலை இருக்கிறதா என்பது இல்லை. ஈஎச்பி வரிசையிலேயே 33 அங்குலமும் உண்டு, 30 அங்குலமும் உண்டு. 33 என்பது நல்ல சமரசம், மிகத் தடித்த ஈ தந்தி தளராது, கையும் கொஞ்சம் மூச்சு விடும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, மாட்டிப் பார்க்காமல் தெரியாது. மேல்கொம்பு இல்லாத பெட்டி வடிவ பேஸில் ஸ்ட்ராப் மாட்டுகிற இடம் பின்னால் தள்ளிப் போகும். அதனால் நெக் முழுசும் உங்களுக்கு இடதுபக்கம் விலகி நிற்கும், 1வது பிரெட்டைத் தொட கையை இன்னும் நீட்ட வேண்டும். வாத்தியம் சின்னது, எட்டவேண்டிய தூரம் பெரியது! குட்டை விரலும் தோள் வலியும் உள்ளவருக்கு இது நல்லதில்லை. எனவே உங்களுக்கு 12வது பிரெட் வரையாவது நீளுகிற மேல்கொம்பு உள்ள வடிவம்தான் சரி.

சரி, இப்போது வாத்தியம் வாங்கின பிறகு தொடர்ந்து செலவும் தலைவலியும் வைக்கிற விஷயம்: தந்தி. பழைய ஸ்டைன்பெர்கர் முறையில் தந்தியின் இரண்டு முனையிலும் உருண்டை இருக்கும், டபுள் பால் என்பார்கள். நட்டுப் பக்கம் ஒரு உருண்டையைக் கொக்கியில் போட்டு, பிரிட்ஜில் இன்னொன்றை மாட்டித் திருகினால் ஒரே நிமிடத்தில் சுருதிக்கு வந்துவிடும், சுற்றுவது வெட்டுவது எதுவும் இல்லை. மேடையில் தந்தி போனால் இதைவிட வேகமான ஏற்பாடு கிடையாது. ஆனால் அந்தத் தந்தியை நம்மூர்க் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். சென்னை அண்ணா சாலையிலேயே கடை கடையாக ஏறி இறங்க வேண்டும், திருச்சியில் சொல்லவே வேண்டாம். டாடாரியோ மாதிரி ஒன்றிரண்டு கம்பெனிகள் செய்கின்றன, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். அதோடு பிரிட்ஜில் திருகு நகரும் தூரம் குறைவு, அதனால் தந்தி சரியான நீளத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் நீளமாகிவிட்டால் திருகைக் கடைசிவரை முறுக்கியும் சுருதி எட்டாது. சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரியை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

சாதாரணத் தந்தி போடுகிற வகையில் நட்டுப் பக்கம் சின்ன திருகு ஒன்று தந்தியை நசுக்கிப் பிடிக்கும். இதற்கு ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி) வேண்டும். தந்தியைப் பிரிட்ஜிலிருந்து கொண்டுவந்து, திருகுக்கு அப்பால் செங்குத்தாக மடக்கி, திருகை இறுக்கிய பிறகுதான் மிச்சத்தை வெட்ட வேண்டும். மடக்காமல் முதலிலேயே வெட்டினால் மேல் சுற்று உள்கம்பியில் நழுவி, புதுத் தந்தியே பழைய தந்தி போல மந்தமாகிவிடும். போய்விட்ட தந்தி என்று என்னிடம் கொண்டுவருவதில் சில இந்த ரகம்தான். ஆலன் கீ சரியான அளவாக இருக்க வேண்டும், தொளதொளவென்ற ஒன்றை வைத்து முறுக்கினால் திருகின் அறுகோணக் குழி மழுங்கிவிடும், அப்புறம் அதைத் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கீ இரண்டு வாங்கி ஒன்றை கேஸிலும் ஒன்றைப் பர்ஸிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வியர்வையும் இதில் ஒரு கட்சி. பிரிட்ஜ் திருகுகள் சரியாக உங்கள் வலது உள்ளங்கை தங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மே மாதத்துக் கச்சேரிக்கு அப்புறம் துடைக்காமல் கேஸில் மூடி வைத்தால் மரைக்குள் உப்பு இறங்கி, சில மாதத்தில் ஈ தந்தித் திருகைக் கையால் அசைக்க முடியாது. கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னும் சீக்கிரம் அனுபவிப்பார்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது, தந்தி மாற்றும்போதெல்லாம் மரையில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய், இந்த இரண்டும் செய்தால் பல வருடம் ஓடும்.

சின்னச் சின்ன எரிச்சல்கள் உண்டு. கிளிப் டியூனர் மாட்ட இடமில்லை, பெடல் டியூனர் வேண்டும். சுவரில் மாட்டுகிற கொக்கி பிடிக்காது. ஆம்பில் சாய்த்து வைத்தால் வழுக்கி விழும், எனவே தனி ஸ்டாண்டு. பெட்டி வடிவம் என்றால் தொடையில் நிற்காது, உட்கார்ந்து வாசிக்க அதற்கென்று மடக்குக் கால் இருக்கிறதா என்று பாருங்கள். நாணத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன்: ஊர்ப் பக்கத்து மேடையில் "தம்பி, கிரிக்கெட் மட்டையை எடுத்துட்டு வந்துட்டியா" என்று ஒருவராவது கேட்பார். கல்யாண வீட்டு ஆர்டர் பிடிக்கிற குழுத் தலைவர்கள் சிலர் நிஜமாகவே இதைப் பார்க்கிறார்கள். போட்டோவில் பேஸ் பேஸ் மாதிரி தெரிய வேண்டுமாம்.

எனக்குத் தெரிந்த பிளேயர்களின் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்ச்சில் வாரா வாரம் வாசிக்கிற ஒருவர் பெட்டி வடிவத்தை வாங்கி, உட்கார்ந்து வாசிக்க வசதிப்படவில்லை என்று விற்றுவிட்டார், சவுண்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ரெக்கார்டிங்குக்கு மட்டும் போகிற இன்னொருவர் ஹெட்லெஸ்ஸை மெட்ரோவில் முழங்காலுக்கு நடுவில் நிற்கவைத்துக்கொண்டு போகிறார், ஆனால் பழைய காலத்து சவுண்டு கேட்டால் வீட்டிலிருக்கிற ஃபெண்டரைத்தான் எடுக்கிறார். மூன்றாமவர் கப்பலில் வாசிக்கிறவர், சின்ன கேபினில் இரண்டு பேர் தங்குகிற வாழ்க்கை, அவரிடம் தலை உள்ள பேஸைப் பற்றிப் பேசவே முடியாது. மூன்று பேரில் சவுண்டுக்காக வாங்கியவர் யாருமில்லை, சவுண்டுக்காக விட்டவரும் யாருமில்லை. இடம், உடம்பு, பயணம், இதுதான் பேச்சு.

பயணத்தில் உங்கள் கணக்கு சரி. பைக்கில் சாதாரண பேஸை முதுகில் மாட்டினால் தலை உங்கள் ஹெல்மெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், தாழ்ந்த கிளை, ஷட்டர், பந்தல் கம்பு எல்லாம் அதைத்தான் தேடி வரும். சுமார் 117 சென்டிமீட்டர் வாத்தியம் ஒரு மீட்டருக்குள் வந்துவிடுவது பெரிய நிம்மதி. பஸ்ஸிலும் மேலே திணிக்காமல் மடியோரம் வைத்துக்கொள்ளலாம்.

விமானத்தில் அவ்வளவு சுலபம் இல்லை. கேபினில் பெரும்பாலான கம்பெனிகள் அனுமதிப்பது 7 கிலோ, நீளம் 55 சென்டிமீட்டர் அளவு. உங்கள் ஹெட்லெஸ் எவ்வளவு சின்னதானாலும் அந்த அளவுக்குள் வராது. சிலரை ஏற்றிவிடுகிறார்கள், அது அன்றைக்கு கவுண்டரில் இருப்பவரின் மனசு, அதை நம்பி நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளக்கூடாது. நிஜமான லாபம் செக்-இன் லக்கேஜில் இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது பரவலான விதி. சாதாரண பேஸின் ஹார்டு கேஸ் அதைத் தாண்டிவிடும், ஓவர்சைஸ் என்று தனிக் காசு கேட்பார்கள். ஹெட்லெஸ்ஸுக்குக் கச்சிதமான ஹார்டு கேஸ் என்றால் உள்ளே அடங்கிவிடும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடியாகப் போவதால் நடுவில் இறக்கி ஏற்றுகிற அடியும் மிச்சம். டிக்கெட் போடும் முன் அந்த கம்பெனியின் வாத்திய விதியைப் படித்து ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலன் கீயைக் கைப்பையில் வைக்காதீர்கள், செக்யூரிட்டியில் பிடுங்கிவிட்டால் அங்கே போய் தந்தி மாற்ற முடியாது.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது இது. இந்த வாரம் கையை விட்டுப் பார்க்கிற சோதனையைச் செய்யுங்கள். அகலமான ஸ்ட்ராப்பும், தந்தி உயரமும் நெக்கும் சரிசெய்கிற ஒரு நல்ல செட்டப்பும் போட்டு நான்கைந்து கச்சேரி வாசியுங்கள். தோள் அப்போதும் பிடித்தால், மேல்கொம்பு உள்ள, சாதாரணத் தந்தி போடுகிற, 33 அங்குலத்தைத் தாண்டாத ஒன்றைத் தேடுங்கள். வெளிநாட்டு விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து சந்தோஷப்படாதீர்கள், சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்த விலைதான் விலை. செகண்ட் ஹேண்டில் என்றால் விற்கிறவர் முன்னாலேயே நான்கு பிரிட்ஜ் திருகையும் ஒரு சுற்று தளர்த்தி மறுபடி சுருதி சேருங்கள், நட்டுப் பக்கத்துத் திருகுகளின் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள், மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றே வாசியுங்கள். டபுள் பால் வகை மலிவாகக் கிடைத்தால், நான்கு செட் தந்தியின் விலையையும் அதோடு கூட்டிக்கொண்டு யோசியுங்கள்.

பழையதை விற்க வேண்டாம் என்றதற்குக் காரணம் மேலே சொன்ன எல்லாம்தான்: ஒரு திருகு இறுகிப்போனாலோ ஒரு கீ தொலைந்தாலோ அன்றைக்கு மேடையில் உங்களுக்கு வேறு வழி இருக்காது. காசு புரளவில்லை என்றால், மலேசியா நிகழ்ச்சிக்கு முன்பணம் கைக்கு வரும்வரை காத்திருங்கள். அதற்குள் உங்கள் ஜாஸ் பேஸின் எடையையும், ஜி தந்தியில் எந்த பிரெட் சாகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள், எந்த மாடல் பொருந்தும் என்று அதை வைத்துப் பார்க்கலாம்.